வரத்துக்கால் மேல் எந்தப் பாலம்?

எங்கள் ஊர் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் ஒரு கல்பாலம் உண்டு. அந்த வாய்க்காலைச் சுருக்கமாகக் கால் என்போம். பார்த்தால் பாலம் என்றே தோன்றாது. 14 அடி அகலக் கால், நடுவில் செம்புறாங்கல்லால் ஒரு கட்டு, அதன் இரண்டு பக்கமும் மும்மூன்று பலகைக் கற்கள், அவ்வளவுதான். கைப்பிடி கிடையாது. ஓரக் கல்லில் 'உபயம்' என்ற எழுத்து மட்டும் இன்னும் தெரிகிறது. யார் உபயம் என்பதை நடந்த கால்கள் தேய்த்துவிட்டன.

போன மாசியில் செங்கல் ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று, சுற்று வழி எதற்கு என்று இதன்மேல் ஏறியது. வண்டி நல்லபடியாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. நடுக்கல் குறுக்கே பிளந்து, ஒரு பாதி காலுக்குள் கிடக்கிறது. பக்கத்துக் கல்லில் மயிரிழை போல ஒரு விரிசல். இப்போது எல்லாரும் ஓரக் கல் மேல் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறோம்.

ஊர்க் கூட்டத்தில் நான்கு யோசனைகள் வந்தன: குழாய் பதித்து மண் போட்டு மூடுவது, கார் போகிற அகலத்துக்குக் கான்கிரீட் பாலம், இரும்பு நடைபாலம், இருக்கிற கல்பாலத்தையே பழுது பார்ப்பது. படைப்புக்கும் (முன்னோரைக் கும்பிடும் சடங்கு) கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவர்கள், "எது சரிப்படும், விவரமா எழுதி அனுப்பு" என்றார்கள். கட்டட வேலை மேற்பார்வையில் பாதி ஆயுசைக் கழித்தவன் என்பதால் இது என் தலையில் விழுந்தது. எழுதுகிறேன், ஆனால் தராசு முள் மாதிரி நடுவில் நிற்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். பாலத்துக்கு மேலே என்னென்ன போக வேண்டும் என்றுதான் அத்தனை நேரமும் பேச்சு. கீழே என்ன போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை கொடுப்பதைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். அதனால்தான் இங்கே வீடு கட்டியவர்கள் ஓட்டுக் கூரையின் தண்ணீரை முற்றத்தில் இறக்கி அண்டாவில் பிடித்தார்கள். மிஞ்சியதைத் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்கு விட்டார்கள். கண்மாய் நிறைந்தால், மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும். 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் சேர்ந்தன. எல்லாரும் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வீடுகளுக்குச் சமமாக இந்தக் கால்களும் அதில் சேர்த்தி. கால் தூர்ந்தால் ஊருணி வெறும் பள்ளம்.

ஆகவே என் அளவுகோல் இது. கால் 14 அடி அகலம், கரை மட்டத்திலிருந்து 5 அடி ஆழம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் 70 சதுர அடி வாய். பெருமழை அன்றைக்கு அந்த 70ல் எவ்வளவை இந்தப் பாலம் தண்ணீருக்கு விட்டுவைக்கும்? மற்ற கேள்வியெல்லாம் அப்புறம்.

குழாய்ப் பாலத்தை இந்தக் கணக்கே தள்ளிவிடுகிறது. 3 அடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் ஒன்றின் வாய் ஏறக்குறைய 7 சதுர அடி. மூன்று வரிசை பதித்தால் 21. மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. குழாய் வாயில் ஒரு சீமைக்கருவேலக் கிளை மாட்டினால் போதும், அதில் பாலித்தீன் பை மாட்டும், பையில் கோரை மாட்டும், சாயங்காலத்துக்குள் அடைத்துக்கொள்ளும். செலவு குறைவு, ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தேங்கிய தண்ணீர் சும்மா நிற்காது. மேலே ஏறும், இல்லையென்றால் பக்கத்துக் கரையை அறுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது கான்கிரீட் பெட்டிப் பாலம், அதாவது பாக்ஸ் கல்வெர்ட். எங்கள் பக்கம் கல்வெர்ட்டைக் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர், "கல்வெட்டு வைக்கிறதெல்லாம் சரி, அதுல யாரு பேரு போடுறது?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்னும் தெரியவில்லை.

நியாயமாகப் பேசினால் இதுதான் பலமான போட்டி. 14 அடிக்கும் ஒரே கண்ணாக வைத்தால் நடுவில் கட்டு வேண்டியதில்லை. என் அளவுகோலில் 70க்கு 70. கல்பாலத்தால்கூட அது முடியாது. ஒழுங்காகக் கட்டினால் ஐம்பது வருஷம் கேள்வி கேட்காமல் நிற்கும். காரும் போகும், ஆட்டோவும் போகும்.

அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் எனக்குக் கவலை. நான் இருந்த வேலைகளில் மூன்று தப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதலாவது, மதிப்பீட்டைக் குறைக்க 14 அடிக் காலுக்கு 10 அடிக் கண் போதும் என்பார்கள். அங்கேயே 70, 50 ஆகிவிடும். இரண்டாவது, தரை மட்டம். பெட்டியின் அடித்தளத்தைக் காலின் படுகை மட்டத்துக்குக் கீழேயோ சரிமட்டத்திலோ வைக்க வேண்டும். தோண்டச் சோம்பல்பட்டு அரையடி தூக்கி வைத்துவிட்டால் 7 சதுர அடி போச்சு என்பதோடு நிற்காது. அது ஒரு குட்டித் தடுப்பணையாகிவிடும். மேல்பக்கம் வண்டல் சேரும், இரண்டு மழையில் கால் முழுக்க அரையடி தூர்ந்திருக்கும். மூன்றாவது, கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் விட வேண்டிய கனம். கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கிடைத்த ஜல்லியை முட்டுக் கொடுத்துக் கான்கிரீட் கொட்டுவார்கள். ஈரம் கம்பியைத் தொடும். துரு ஏறிய இரும்பு பழைய இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பெயர்த்துத் தள்ளும். பத்து வருஷத்தில் அடிப்பக்கம் கம்பி பல்லிளிக்கும் பாலங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றில் மேற்பார்வை நான்தான். ஒப்பந்தக்காரர் மேல் மட்டும் பழி போட எனக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் திருத்தக்கூடிய தப்புகள். பக்கத்தில் ஆள் நின்றால் நடக்காது. திருத்த முடியாதது ஒன்று இருக்கிறது. 12 அடி அகலத்துக்குப் பாலம் வந்தால் இந்தக் கரையில் இருக்கும் மருத மரத்தை எடுக்க வேண்டும், ஊருணிப் படித்துறையில் ஒரு வரிசை போகும், இரண்டு பக்கமும் தெருவைத் தூக்க வேண்டும். தெரு இரண்டடி உயர்ந்தால் தாழ்ந்த வீடுகளின் மழைத்தண்ணீர் காலில் விழ வழியில்லாமல் வாசலிலேயே நிற்கும். கூடவே, வண்டி போகும் வழி வந்த இடத்தில் அடுத்த வருஷமே மனை அளக்கும் சங்கிலியும் வரும். கரைப் புறம்போக்கில் முதலில் ஒரு கொட்டகை, பிறகு ஒரு சுவர். காரைக்குடியைச் சுற்றி எத்தனை வரத்துக்கால்கள் இப்படித் தெருவாகிப் போயின என்று வயசானவர்களைக் கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

இரும்பு நடைபாலம் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிகளின் யோசனை. படமும் அனுப்பினார்கள், அழகாகத்தான் இருந்தது. 20 அடி நீளத்துக்கு இரண்டு ஐ பீம் (ஐ வடிவ இரும்பு உத்தரம்), மேலே தளம், இரண்டு பக்கம் கைப்பிடி. கூட்டம் கூடும் கோயில் ஊர்களில் நடைபாலத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ பாரம் எடுத்துக் கணக்குப் போட வேண்டும் என்பது, சாலைக்கும் பாலத்துக்கும் விதி வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் விதி. மற்ற இடங்களில் 400 கிலோ. 500 கிலோவுக்கே 5 அடி அகலப் பாலத்துக்கு 8 அங்குல ஐ பீம் இரண்டு தாங்குகிறது. நான் போட்டது தோராயக் கணக்கு, கையெழுத்துப் போடப்போகும் பொறியாளர் சரிபார்க்கட்டும். காலுக்குள் ஒரு கட்டும் இறங்காது என்பதால் இதுவும் 70க்கு 70. தூர் வாரும்போது கிரேன் வைத்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இயந்திரத்தை உள்ளே விடலாம். இந்த வசதி வேறு எதிலும் இல்லை. யோசனையைக் கேட்டவுடன் எனக்கும் ஆசை வந்தது.

பிறகு துருவை நினைத்தேன். துருவைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதையும் ஆராய்கிற சிக்ரி காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பெயிண்ட் அடித்த இரும்பைக் கால் மேல் வைத்தால் சிரிப்பார்கள். துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பாக இருக்க வேண்டும். துத்தநாகம் தான் முதலில் அரித்துப்போய் இரும்பைக் காப்பாற்றும். சரி, முக்கி எடுத்தே கொண்டுவருவார்கள். இறக்கி வைத்த பிறகு அளவு கொஞ்சம் இடிக்கும். அங்கேயே வெட்டி, அங்கேயே வெல்டிங் வைப்பார்கள். வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போகும். அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட் ஒரு இழுப்பு. துரு அங்கிருந்துதான் கிளம்பும். எல்லா இணைப்புக்கும் போல்ட்டுதான், ஊருக்குள் வெல்டிங் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினால் இதைத் தவிர்க்கலாம்.

தவிர்க்க முடியாதது வெயில். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்துக் காரைக்குடித் தெருக்களில் போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே திருவிழா என்றால் வெறுங்கால். எங்கள் ஊரிலும் முளைப்பாரி இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஊருணிக்கு வருகிறது. தலையில் முளைப்பாரி, ஒரு கை அதைப் பிடித்திருக்கும், கால் மத்தியான இரும்புத் தகட்டில். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதைச் சொன்னேன்.

"தோசைக்கல்லுல நடக்கச் சொல்றியா தம்பி?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "கல்லும் சுடத்தான் செய்யும். ஆனா சுட்டது போதும்னு மரத்து நெழல்ல நிக்கலாம். அந்த மரத்தையும் வெட்டணும்னு ஒருத்தன் சொல்றானாமே?" என்று கேட்டார்.

தகட்டுக்குப் பதில் கல் பலகையோ கான்கிரீட் பலகையோ தளமாக வைக்கலாம். வைத்தால் பாரம் கூடும், பீம் பெரிதாகும், தூக்கி ஓரமாக வைக்கும் வசதி போய்விடும். இரும்புப் பாலத்தின் ஒரே பெரிய லாபமும் அதோடு போகிறது.

கடைசியாக, இருப்பதைப் பழுது பார்ப்பது. "கல்லு பலமில்லைன்னுதானே உடைஞ்சுது, மறுபடி அதையே எதுக்கு?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். சரியான கேள்வி. பதில் தேடி ஒரு நாள் காலுக்குள் இறங்கிப் பார்த்தேன்.

கருங்கல் அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். வளைவைத் தாங்குவதில் அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். கோயில் மண்டபத்தில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பது அதனால்தான். எங்கள் பாலத்துக் கல் 8 அடி நீளம், 2 அடி அகலம், முக்கால் அடி கனம். ஒரு கல்லே 900 கிலோ வரும். தாங்கலுக்குத் தாங்கல் (கல்லின் முனை உட்காரும் கட்டு) இடைவெளி ஆறரை அடி. கூட்டம் நெருக்கி நின்றாலும் ஒரு கல்லுக்கு 600 கிலோதான். கல்லின் சொந்த எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நல்ல கருங்கல் தாங்கக்கூடிய வளைவில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது தொடவில்லை. மனிதர்கள் நடக்கும்வரை இந்தக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் ஏன் உடைந்தது? கரையோரத் தாங்கலின் செம்புறாங்கல் வரிசையில் ஒரு மூலை அரித்துப் போயிருக்கிறது. கல் நான்கு மூலையிலும் உட்காராமல் மூன்று மூலையில் உட்கார்ந்திருக்கிறது. மேலே கால் வைத்தால் 'டக்' என்று ஆடும் சத்தம் சின்ன வயசிலிருந்து எனக்குப் பழக்கம். அதன் பக்கத்துக் கல்லும் அப்படித்தான் ஆடியது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேண்டுமென்றே அந்தக் கல் மேல் குதிப்போம். ஆடுகிற கல் மேல் செங்கல் வண்டியின் பின்சக்கரம் ஏறினால் என்ன ஆகும்? முறுக்கிக்கொண்டு பிளக்கும். பிளந்தது கல் என்றாலும் கோளாறு தாங்கலில்.

ஏன் அரித்தது என்பதற்கும் தடயம் இருக்கிறது. எப்போதோ யாரோ அந்த மூலைக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். செம்புறாங்கல் மெத்தென்ற கல், ஈரத்தை உறிஞ்சி வெளியே விட வேண்டும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று கல் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. சிமெண்டுப் பூச்சு மட்டும் முட்டை ஓடு போலத் தனியாக நிற்கிறது, தட்டினால் பொத்தென்று கேட்கிறது. அதைக் கொத்தி எடுத்து, உதிர்ந்த வரிசைக்குப் புதுச் செம்புறாங்கல் வைத்து, சுண்ணாம்புக் கலவையில் கட்ட வேண்டும். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை அவர்களை விட்டுவைத்திருக்கிறது.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். நடுக்கட்டு ஒன்றரை அடி கனம். 70ல் ஏழரை அங்கே போகிறது. மிதந்து வரும் முள்ளும் குப்பையும் அதில்தான் மாட்டும், மழைக்காலத்தில் யாராவது துரட்டி வைத்துத் தள்ளிவிட வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு ஆள் இருந்தார், இப்போது நாம்தான் முறை வைத்துக்கொள்ள வேண்டும். தூர் வாரும் இயந்திரம் கீழே நுழையாது, பாலத்தடியில் மண்வெட்டிதான். கைப்பிடி இல்லாதது உண்மையான ஆபத்து. கல்லில் துளை போட்டுக் கம்பி நட்டால் துளையிலிருந்தே விரியும். ஆகவே பலகைக் கல்லைத் தொடாமல், தாங்கலின் வெளிப்பக்கத்தில் கல் கால்கள் நட்டு அவற்றுக்கு இடையே குழாய் ஓட்டலாம். இரண்டு முனையிலும் இருக்கும் ஒற்றைப் படியை எடுத்துச் சாய்தளம் ஆக்க வேண்டும். சக்கர நாற்காலி ஏறட்டும், பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசு சைக்கிளைத் தூக்காமல் உருட்டட்டும்.

இரண்டு முனையிலும் காவல் கல் நட வேண்டும். இடைவெளி 3 அடி. சைக்கிள், பைக், சக்கர நாற்காலி, முளைப்பாரி எல்லாம் போகும். ஆட்டோ நாலு அடிக்கு மேல், அதனால் போகாது. செங்கல் வண்டி எட்டிக்கூடப் பார்க்காது. இந்த இரண்டு கல் நட்டிருந்தால் இத்தனையும் எழுத வேண்டி வந்திருக்காது.

"ஆம்புலன்ஸ் எப்படி வரும்?" என்று ஒரு அம்மா கேட்டார். அக்கரையில் குடியிருப்பவர். கார் பாலம் கேட்டவர்களில் பலர் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, வாசல்வரை கார் வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம், ஊருணிக்கரையில் நிறுத்திவிட்டு நடக்கலாம். இந்த அம்மாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அக்கரைக்குத் தார்ச் சாலை இருக்கிறது, 600 மீட்டர் சுற்று. ஆனால் அது குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, ராத்திரி வெளிச்சம் இல்லை. கல்பாலத்தைப் பழுது பார்ப்பது நான்கிலும் குறைந்த செலவில் இரண்டாவது. கான்கிரீட் பாலத்துக்கு வசூலிக்க நினைத்த தொகையில் மிஞ்சுவதை அந்தச் சாலைக்குத் திருப்ப வேண்டும் என்பது என் நிபந்தனை. 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊரார் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடுகிறது, சாலைக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம். சாலையைச் சரி செய்யாமல் பாலத்தை மட்டும் அழகாக்கினால் அந்த அம்மா கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கும்.

சுற்றுப்புறத்தை என்ன செய்வது என்றும் கேட்டார்கள். பேவர் பிளாக், கலர் விளக்கு, நடைப்பயிற்சிப் பாதை என்று ஒரு பட்டியல் ஓடுகிறது. எனக்குத் தேவை மூன்றே: கரையிலிருக்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பது, படித்துறையில் புரண்டு கிடக்கும் நாலு கல்லை நிமிர்த்துவது, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தெருவிளக்கு. மருத மரத்தடியில் சிமெண்டு மேடை கட்ட வேண்டாம். வேர் மூச்சு விட வேண்டும், அந்த மரம்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது.

எதைச் செய்தாலும் அனுமதி வேண்டும். பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்திடமும் அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் இருக்கின்றன. எங்கள் கால் எந்தக் கண்மாயில் கிளைக்கிறதோ அதைப் பொறுத்து மனு எங்கே போக வேண்டும் என்பது மாறும். அதைப் பார்த்துச் சொல்லும் வேலையை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டால் நல்லது, எனக்கு அலுவலக வாசலில் நிற்கும் பொறுமை போய்விட்டது.

நாள் கணக்கும் இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டு சிமெண்டு மாதிரி ராத்திரியோடு இறுகாது. ஆடி முடிவதற்குள் தாங்கல் வேலை முடிந்தால்தான் ஐப்பசித் தண்ணீர் வரும்போது தாங்கும். கல் ஏற்ற ஒரு நாள் கிரேன் போதும்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு குவாரிக்குப் போய்க் கல்லும் பார்த்துவிட்டு வந்தேன். 8 அடியில் இரண்டு வைத்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ஒன்று கணீர் என்றது, முன்பணம் கொடுத்துவிட்டேன். மற்றது பாதி நீளம்வரை கணீர் என்றுவிட்டு அப்புறம் பொத்தென்றது. அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னொரு கல்லுக்கு அடுத்த வாரம் திரும்பப் போகிறேன். கூட யாராவது வருவதானால் சொல்லுங்கள்.